மெல்லும் சத்தத்துக்கு இத்தனை சொல்லா! – வியட்நாம் நாட்குறிப்பு

மார்ச் 9, ஞாயிறு – ஹனோய்

34 வருஷம் தமிழாசிரியையாக இருந்தவளுக்கு மார்ச் என்றால் பொதுத்தேர்வு. கண்காணிப்பு ட்யூட்டி, அப்புறம் விடைத்தாள் கட்டு, அப்புறம் முதுகுவலி. போன வருஷம் ஓய்வு பெற்றேன். மார்ச் மாதத்தில் ஊரைவிட்டு நகர்ந்தது இதுதான் முதல் தடவை, அதுவும் எடுத்த எடுப்பில் ஹனோய். டிக்கெட் போட்டதும் தங்க இடம் பிடித்ததும் என் தங்கை. என் பங்குக்கு நான் கொண்டுவந்தது இரண்டு கிலோ சாத்தூர் காராச்சேவும் ஒரு நோட்டும்.

இங்கே தரை வேர்க்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 20 டிகிரிதான் இருக்கும், வெயிலே இல்லை. மழை என்றும் சொல்ல முடியாமல் பனி என்றும் சொல்ல முடியாமல் நூல்நூலாகத் தூறுகிறது. டைல்ஸ், கண்ணாடி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் நீர் கோத்து நிற்கின்றன. இதற்கு ‘நோம்’ என்று பெயராம். குளிர்காலம் முடியும்போது கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, இன்னும் சில்லென்றிருக்கும் தரையில் பட்டுத் தண்ணீராகிவிடுகிறது. வீட்டுக்காரம்மா வாசலில் பழைய துணியை விரித்து, எங்கள் காலைக் காட்டி ஏதோ சொன்னார். வழுக்கும் என்கிறார் என்று புரிவதற்குள் தங்கை வழுக்கிவிட்டாள். அடி ஒன்றும் இல்லை, மானம்தான் போனது.

பா டிங் பகுதியில் ஒரு சந்துக்குள் ஒல்லியான நான்கு மாடி வீடு. மேல்மாடி அறையை வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு 65 வயது, பள்ளியில் இலக்கியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நானும் மொழியாசிரியை என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அம்மாவுக்கு, அதாவது பிள்ளைகளின் பூட்டிக்கு, 87. கல்லூரியில் படிக்கும் பேத்திதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். ஆறு வயதில் ஒரு பேரன்.

இரவுச் சாப்பாடு அவர்களோடுதான். தரையில் பாய், நடுவில் வட்டத் தாம்பாளம், அதைச் சுற்றி எல்லாரும். யாரும் உடனே கை வைக்கவில்லை. பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு விடாமல் ஒப்பித்தான்: பூட்டி சாப்பிடுங்க, பாட்டி சாப்பிடுங்க, அக்கா சாப்பிடுங்க. வயதில் மூத்தவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துவிட்டுத்தான் இளையவர் சாப்பிட வேண்டும் என்பது வடக்கு வியட்நாமின் பழக்கம். கடைசியில் எங்கள் பக்கம் திரும்பி, “இந்தியப் பாட்டிகளும் சாப்பிடுங்க” என்றான். என் தங்கைக்கு 54 வயது. அந்த ‘பாட்டி’ அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

நெல்லிக்காய் அளவில் வெள்ளைக் கத்திரிக்காய், உப்பு நீரில் ஊறப்போட்டது. ‘கா ஃபாவ்’ என்கிறார்கள். ‘ஃபாவ்’ என்றால் பட்டாசு. பையன் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தான். பட்டாசேதான். பேத்தி சிரித்துக்கொண்டே, “ஸாவ் ஸாவ்!” என்றாள். கடிக்கும்போது வருகிற சத்தத்துக்கு அதுதான் சொல்லாம். அந்த ‘ஸா’வை ஈ பறக்கிற மாதிரி அதிரவிட்டுச் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்துப் பூட்டி அவனைப் பார்க்காமலே “சோப் சேப்” என்றார். பையன் வாயை மூடிக்கொண்டு நிதானமாக மென்றான். நன்றாக மென்று சாப்பிடு என்று சொல்கிறார் போல. நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்று ஒரே நாளில் இரண்டு சொல்.

இதற்கிடையில் தங்கை சாப்பாட்டுக் குச்சியால் கிண்ணத்தில் தாளம் போட, பூட்டி எட்டி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். ‘கோ பாத்’ கூடாதாம். கோ என்றால் தட்டுவது, பாத் என்றால் கிண்ணம். கிண்ணத்தைத் தட்டினால் பசித்த ஆவிகள் சாப்பிட வந்துவிடும். ஆறு பேர் சாப்பாட்டுக்கு ஊரையே அழைத்தது போலாகிவிடும் என்று பேத்தி விளக்கினாள்.

மார்ச் 10, திங்கள் – ஹனோய்

காலையில் சந்துமுனை ஃபோ கடை. ஃபோ என்றால் சூடான சாற்றில் அரிசி நூடுல்ஸ். நான் கோழி, முட்டை, மீன், இறால் தவிர வேறு அசைவம் தொடுவதில்லை. கோழி ஃபோ 50,000 டாங். கேட்டவுடன் நெஞ்சு அடைத்தது, கணக்குப் போட்டால் ஏறக்குறைய 170 ரூபாய். முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூல். எழுந்திருக்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டேன். இருபது பேர் ஒரே சமயத்தில் சூடான சாற்றை உறிஞ்சுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு ‘ஸீ ஸுப்’ என்று பெயர், பேத்தி கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தாள். ‘ஸீ’ என்று காற்று உள்ளே போகிறது, ‘ஸுப்’ என்று உதடு மூடுகிறது. நூடுல்ஸின் வால் உள்ளே போய் மறையும் இடம் அந்த ‘ப்’. சொல்லிப் பாருங்கள், வாய் தானாக அந்த வேலையைச் செய்யும்.

நான் மட்டும் சத்தமில்லாமல் ஸ்பூனில் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். “பொம்பளப் பிள்ளை சாப்பிடுறது பக்கத்து இலைக்குக் கேக்கக் கூடாது” என்று சொல்லிச் சொல்லியே எங்கள் அம்மா எங்களை வளர்த்தார். ரசம் சாதத்தைக்கூட ஓசைப்படாமல் சாப்பிடுகிற வித்தை எனக்குத் தெரியும். பக்கத்தில் தங்கை ஐந்தாவது நிமிஷமே கட்சி மாறி, கிண்ணத்தைத் தூக்கி ‘ஸீ ஸுப்’ போட்டுவிட்டாள்.

சரி, சத்தம்தான் போடவில்லை, பாராட்டாவது சொல்வோம் என்று கிளம்பும்போது கடைக்காரம்மாவிடம் கட்டைவிரலைக் காட்டி “சோப் சேப்!” என்றேன். கடை ஒரு நொடி அமைதியானது. அந்தம்மா என் வாயைப் பார்த்தார், தன் கடையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். ஒரு பெரியவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

வீட்டுக்கு வந்து கேட்டால், ‘சோப் சேப்’ என்பது வாயைத் திறந்துபோட்டுச் சப்புக்கொட்டி மெல்லுவது. பன்றி மாதிரி மெல்லாதே என்று பிள்ளைகளைத் திட்டுகிற சொல். நேற்றுப் பூட்டி பையனுக்குப் போட்டது அதட்டல். நான் காலையில் ஒரு கடை முழுவதையும் பார்த்து ‘சப்புக்கொட்டிகளே’ என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மத்தியானம் தங்கைக்காக புன் சா கடை. பன்றி இறைச்சியைக் கரியில் சுட்டு, நீர்த்த மீன் சாற்றில் போட்டு, அரிசி சேமியாவும் ஒரு கூடைப் பச்சிலையும் வைத்துத் தருகிறார்கள், 45,000 டாங். நான் எலுமிச்சை ஜூஸோடு உட்கார்ந்து காதால் சாப்பிட்டேன். வாசலில் ஒருவர் ஓலை விசிறியால் கரியை விசிறிக்கொண்டே இருக்கிறார், படக் படக்கென்று. அதற்கும் ஒரு சொல் இருக்கிறது: ‘ஃபாஞ் ஃபாச்’ என்று எழுதுகிறார்கள். காதுக்கு ஃபைங் ஃபைக் மாதிரி கேட்கிறது.

திரும்பும் வழியில் நடைபாதையில் ஐஸ் போட்ட தேநீர், ஒரு டம்ளர் 5,000 டாங். தங்கை அண்ணாந்து குடித்தாள். மடக் மடக். இதை மட்டும் யாரையும் கேட்காமல் பக்கத்து ஸ்டூல்காரரே என்னிடம் சொன்னார்: ‘உங் உக்’. அந்த ‘உ’வுக்கு உதடு குவிவதில்லை. நம் குற்றியலுகரம்தான். ‘படிக்கட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் வருகிற அந்த அரைகுறை உகரம். வெள்ளைக்காரர்கள் இந்த எழுத்தில் திணறுவார்களாம். நான் முதல் தடவையே சொல்லிவிட்டேன். காலையில் போன மானத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது.

மார்ச் 11, செவ்வாய் – ஹனோய்

நாள் முழுக்க மழை. வெளியே போகவில்லை. பயணத்திலேயே நல்ல நாள் இதுதான் என்று இப்போதே தோன்றுகிறது.

காராச்சேவைப் பிரித்தேன். பேத்தி ஒன்றைக் கடித்துவிட்டு “ஸோம் ஸோப்!” என்றாள். வீட்டுக்கார டீச்சரம்மா தலையாட்டினார். முந்தாநாள் கத்திரிக்காய்க்கு ஸாவ் ஸாவ், இதற்கு ஸோம் ஸோப். ஈரப்பசை உள்ள பச்சைக்காய் நொறுங்குவது வேறு, உலர்ந்த பண்டம் உடைவது வேறு. குருத்தெலும்பு போல உள்ளே கொஞ்சம் இழுத்துக்கொண்டு நொறுங்கினால் ‘ஸந் ஸத்’. நாமும் கறுக், மொறுமொறு, நறநற என்று பிரிக்கிறோம்தானே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். ‘நறநற’ அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கோபத்தில் பல்லைக் கடிப்பதற்கும் அதேதான் என்றதும் இன்னும் பிடித்தது.

அப்புறம் அவர் என் நோட்டை வாங்கி வரிசையாக எழுதினார். ‘ஒலிக்குறிப்புச் சொற்கள்’ எட்டாம் வகுப்புப் பாடமாம், வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. வாத்தியார் கை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் சாய்கிறது.

ஸோம் ஸோப்.
ஸந் ஸத்.
ஃபாஞ் ஃபாச்.
உங் உக்.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவது அசை ‘ப்’ என்று முடிந்தால் முதல் அசை ‘ம்’ என்று முடிகிறது. ‘த்’ என்றால் ‘ந்’. ‘ச்’ என்றால் ‘ஞ்’. ‘க்’ என்றால் ‘ங்’. அட, இது நம் இன எழுத்து! வல்லினத்துக்கு முன்னால் அதன் இனமான மெல்லினம். க-ங, ச-ஞ, த-ந, ப-ம. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பந்து, பஞ்சு, சங்கு, பாம்பு என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்தது. இரண்டு மொழிக்கும் சொந்தம் எதுவும் கிடையாது. வாய் எல்லாருக்கும் ஒன்று என்பதால் வந்த ஒற்றுமை, அவ்வளவுதான். ஆனாலும் என் நோட்டில் அவர் கையெழுத்தில் அந்தச் சோடிகளைப் பார்த்தபோது கண் கலங்கியது, மறைப்பானேன்.

நான் தமிழில் கசடதபற, ஙஞணநமன எழுதி, கோடு போட்டுச் சோடி சேர்த்துக் காட்டினேன். பேத்தி மொழிபெயர்க்கத் திணறினாள். டீச்சரம்மாவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. விரலால் என் கோட்டைத் தடவி, தன் பட்டியலைத் தடவி, “ஆ!” என்றார்.

காரணமும் காதுக்கே தெரிகிறது. முதல் அசை மூக்கில் ரீங்காரமாக நிற்கிறது, இரண்டாவது பல்லில் பட்டென்று வெட்டுகிறது. ஒரு கடி, ஒரு முறிவு. சுரமும், அதாவது குரலின் ஏற்ற இறக்கமும், ஒரு கட்டுப்பாட்டோடுதான் மாறுகிறது என்று விளக்கத் தொடங்கினார். அந்த மொழிக்கு ஆறு சுரம். அதற்குமேல் என் மண்டை தாங்கவில்லை. ‘சோப் சேப்’ வேறு குடும்பம்: அதில் மெய் அப்படியே நிற்க, உயிர் மட்டும் மாறும், நம் ‘தாம்தூம்’ மாதிரி.

இத்தனை சொல் வைத்திருக்கிறீர்களே, சத்தம் போட்டுச் சாப்பிடுவது உங்கள் ஊரில் தப்பே இல்லைபோல என்றேன். டீச்சரம்மா வேகமாகத் தலையை ஆட்டினார். வீட்டுத் தாம்பாளத்தில் உறிஞ்சவும் கூடாது, சப்புக்கொட்டவும் கூடாது. கடை வேறு, வீடு வேறு. ஆண் உண்பது புலிபோல, பெண் உண்பது பூனைபோல என்று பழமொழியே இருக்கிறதாம். எங்கள் அம்மா இந்த ஊரிலும் இருந்திருக்கிறார்! இத்தனை சொல்லில் பாதி ரசிக்க, பாதி திட்ட. வாய் நிறைய அடைத்துக்கொண்டு மெல்லும் ‘ஞோம் ஞ்வாம்’ முழுக்க முழுக்கத் திட்டுதான்.

அவர் நடத்திய அந்த எட்டாம் வகுப்புப் பாடத்தில் உதாரணமாக வந்தது ஙோ தத் தோ 1930களில் எழுதிய ‘தத் தேன்’ நாவலிலிருந்து ஒரு வரி. தலைவரி கட்ட முடியாத ஏழை வீடு. பக்கத்து வீட்டுக் கிழவி கொடுத்த அரிசியில் கஞ்சி காய்ச்சி ஆற வைத்திருக்கிறாள் அம்மா. சின்னப் பையன் தலையைக் கிண்ணத்துக்குள் விட்டு, ஊதி ஊதிக் கஞ்சியை உறிஞ்சுகிறான். அந்தச் சத்தம் ‘ஸ்வான் ஸ்வாத்’. அப்பன் வாயில் ஒரு வாய் போவதற்குள் வரி வசூலிக்கிறவர்கள் வந்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் வகுப்பு சிரிக்குமாம். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, வரியை மறுபடி படிக்கச் சொல்வாராம்.

ஓரத்தில் கட்டிலில் படுத்திருந்த பூட்டி இதைக் கேட்டு ஏதோ சொன்னார். 1945இல் அவருக்கு ஏழு வயது. வடக்கே பெரும்பஞ்சம். அந்த வருஷம் செப்டம்பர் 2 அன்று இதே பா டிங் மைதானத்தில் சுதந்திர அறிவிப்பைப் படித்த ஹோ சி மின், 20 லட்சத்துக்கும் மேல் பட்டினியில் செத்தார்கள் என்று அதில் சொன்னார். பூட்டி சொன்னதைப் பேத்தி கொஞ்சம் தாமதித்துத்தான் ஆங்கிலத்தில் சொன்னாள்: “அந்த வருஷம் சத்தம் போடாமல் சாப்பிடு என்று யாரும் என்னை அதட்டவில்லை.”

அப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு கை காராச்சேவு எடுத்து வாயில் போட்டேன். ஸோம் ஸோப். கூடவே இன்னொரு சத்தம், அதற்கு எந்த மொழியிலும் சொல் வேண்டாம். பன்னிரண்டு வருஷத்துப் பல் அடைப்பு சேவோடு சேர்ந்து கையில் வந்தது. வெளிநாடு வந்து சாத்தூர்ச் சேவில் பல் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 13, வியாழன் – ஹுவே

பல் கூசுகிறது. இரண்டு நாளாக என் உலகம் ‘ஸீ ஸுப்’ பக்கம் மட்டும்தான். வெறும் வெள்ளைக் கஞ்சி, உப்பு போட்ட வாத்து முட்டை, 20,000 டாங். சத்தமில்லாமல் குடிக்கப் பார்த்தேன். கூசும் பல்லில் படாமல் கஞ்சியை உள்ளே இழுக்க உறிஞ்சுவதைத் தவிர வழியில்லை. உறிஞ்சினேன். அம்மா மன்னிக்கட்டும். நன்றாகவும் இருந்தது. காற்றோடு சேர்ந்து போனால் சூடும் அடங்குகிறது, வாசனையும் மூக்குக்கு ஏறுகிறது. 60 வருஷமாக ரசத்தை வீணடித்திருக்கிறேன்.

சாயங்காலம் பல் டாக்டர். தற்காலிக அடைப்பு, 300,000 டாங், ஆயிரம் ரூபாய்தான். எச்சிலை இழுக்கும் குழாய் வாயில் கிடந்து சத்தம் போட்டது. டீச்சரம்மா கொடுத்த பட்டியலில் உறிஞ்சி இழுப்பதற்கு ஒரு சொல் இருந்தது நினைவுக்கு வர, குழாயை எடுத்ததும் நர்சுப் பெண்ணிடம் பெருமையாக “சுந் சுத்!” என்றேன். அவள் முகம் சிவந்து, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். குழந்தை விரல் சூப்புவதற்கு மட்டும் அல்லாமல், பச்சுப் பச்சென்று முத்தம் கொடுப்பதற்கும் அதே சொல்லாம். டாக்டர் மெதுவாக விளக்கினார். நான் இனிமேல் சாப்பாட்டுக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வாயைத் திறக்கப் போவதில்லை.

மார்ச் 14, வெள்ளி – ஹுவே

இன்று அவர்கள் சந்திரக் கணக்கில் இரண்டாம் மாதத்துப் பௌர்ணமி. ஊரே சைவம். பௌர்ணமிக்கும் மாதத்தின் முதல் நாளுக்கும் சைவம் சாப்பிடுகிறவர்கள் ஹுவேயில் நிறைய. பலாப்பிஞ்சைக் கிளறி, எள்ளும் நிலக்கடலையும் தூவி, மொறுமொறு அரிசி அப்பளத்தோடு கொடுத்தார்கள். அப்பளத்தை உடைத்து அதிலேயே அள்ளிச் சாப்பிட வேண்டும். நான் இடதுபக்கமாக மென்றேன். பாதி ஸோம் ஸோப்.

டோங் பா சந்தையில் படையலுக்குப் பூ, பழம், வெற்றிலை, பாக்கு. வெற்றிலைக் கடையில் உட்கார்ந்திருந்த ஆச்சியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பொக்கை வாய், சிவந்த உதடு, கன்னம் மெதுவாக மேலும் கீழும் போகிறது. பட்டியலில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: ‘போம் பேம்’. பாட்டிமார் வெற்றிலை மெல்லுவதைச் சொல்ல இதைத்தான் எடுப்பார்கள். சொல்லிப் பார்த்தால் விளங்கும், நாக்குப் பல்லைத் தொடவே தொடாது. உதடு ஒட்டிப் பிறக்கும் எழுத்துதான் முதலிலும் முடிவிலும். ஸோம் ஸோப்பில் வரும் அந்த வெட்டு இதில் கிடையாது, வெட்டப் பல் வேண்டுமே!

நான் வெற்றிலையைத் துடைத்து, காம்பு கிள்ளி, பின்பக்கம் சுண்ணாம்பு தடவியதைப் பார்த்து ஆச்சி மெல்லுவதை நிறுத்திவிட்டார். பக்கத்துக் கடைக்காரிகளைக் கூப்பிட்டார். ‘வெற்றிலைதான் பேச்சுக்குத் தலை’ என்று இங்கே ஒரு சொலவடை. எங்களுக்குள் பேச ஒரு சொல் பொது கிடையாது, ஆனால் பேசிக்கொண்டேதான் இருந்தோம். அவர் வைத்தது பச்சைப்பாக்கு, கொட்டைப்பாக்கு இல்லை. ஐந்து நிமிஷத்தில் காது சூடேறி, நெற்றி வேர்த்து, தலை கிறுகிறுத்தது. ஆச்சி தன் முக்காலியைக் காலி செய்து என்னை உட்கார வைத்து, ஓலைத்தொப்பியால் விசிறினார். ஃபாஞ் ஃபாச். காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு – சைகோன்

35 டிகிரி. ஹனோயில் போட்ட ஸ்வெட்டரைப் பார்த்தாலே வேர்க்கிறது. மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் ‘பான் ஸேவ்’ கடை. பெயரைக் கேட்டதும் தங்கை, “அக்கா, இங்கேயும் சேவா? உன் பல்லு!” என்று பதறினாள். இது வேறு ஸேவ். அரிசிமாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, காயும் எண்ணெயில் ஊற்றினால் வருகிற அந்தச் சத்தம்தான் ஸேவ். பலகாரத்தின் பெயரே அடுப்புச் சத்தம். தோசைக்கு ‘இரண்டு சை’ என்று விளக்கம் சொல்லும் பழைய பள்ளிக்கூட ஜோக் இந்த ஊரில் நிஜமாகவே நடந்திருக்கிறது. இறால் போட்டது 80,000 டாங். தட்டைவிடப் பெரியது. கிழித்து, கடுகுக்கீரையில் சுற்றி, மீன் சாற்றில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். முதல் சுருட்டல் என் மடியில்தான் விழுந்தது.

ஓரம் நொறுங்கியபோது, மூன்று நாள் மௌன விரதத்தை மறந்து, பரிமாறிய பையனிடம் ஹனோய் உச்சரிப்பில் “ஸோம் ஸோப்” என்றேன். அவன் முழித்தான். அப்புறம் முகம் மலர்ந்து “ரோம் ரோப்!” என்றான். எழுத்து ஒன்றுதான். வடக்கே அதை ஈ பறக்கிற ‘ஸ’வாகச் சொல்கிறார்கள், இங்கே ‘ர’வாகவே உருட்டுகிறார்கள். ஒரே நாட்டில் பலகாரம் வடக்கே ஒரு மாதிரி, தெற்கே ஒரு மாதிரி நொறுங்குகிறது. காதால் கேட்டு எழுதிய சொல் என்று நாம் நம்புவதில் பாதி, நாக்குப் பழக்கம்தான் போலிருக்கிறது. எனக்கு ‘ரோம் ரோப்’தான் பிடித்தது, தெற்கத்திக்காரி அல்லவா.

மார்ச் 17, திங்கள் – சைகோன்

கடைசி இரவு. விடுதி இருக்கும் சந்தில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தள்ளுவண்டி வருகிறது. கண்ணாடிமேல் ‘ஹு தியெவ் கோ’ என்று சிவப்பு எழுத்து. அரிசி நூடுல்ஸ், பன்றி எலும்புச் சாறு, ஒரு கிண்ணம் 30,000. எனக்கு ஆகாது. ஆனால் அந்த ‘கோ’ எனக்குத் தெரிந்த சொல். முதல் நாள் இரவு பூட்டி என் தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தியது இந்தக் ‘கோ’வைத்தான். தட்டுவது.

தட்டி விற்பதால்தான் இந்தப் பெயர். வண்டி சந்துமுனையில் நிற்க, ஒரு பையன் இரண்டு மரத்துண்டைத் தட்டிக்கொண்டே உள்சந்துகளில் நடப்பான். சத்தம் கேட்ட வீட்டுக்காரர்கள் சொல்லி அனுப்புவார்கள், அவனே கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, பிறகு காலிக் கிண்ணத்தையும் வாங்கி வருவான். இப்போது தட்டுவதை அதிகம் கேட்க முடிவதில்லை, பெயர் மட்டும் வண்டிக் கண்ணாடியில் தங்கிவிட்டது. எங்கள் சந்தில் இந்த இரண்டு இரவில் அதிகமாகக் கேட்டது, ‘சைகோன் ரொட்டி’ என்று பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போகும் ரொட்டிக்காரரின் ஸ்பீக்கர்தான்.

வண்டிக்காரருக்கு அறுபது இருக்கும், நடு வியட்நாமின் குவாங் ஙாய் பக்கம் சொந்த ஊர். தங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஸீ ஸுப், கூச்சமே இல்லாமல். நான் போனில் மொழிபெயர்ப்பைத் தட்டி நீட்டினேன்: அந்த மரத்துண்டு இப்போதும் இருக்கிறதா?

படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வண்டிக்கு அடியில் குனிந்து, கரண்டிகளுக்கும் துணிக்கும் கீழே துழாவி எடுத்தார். கைக்கு அடக்கமான இரண்டு கட்டைகள், பிடித்துப் பிடித்து நடுவில் தேய்ந்து பளபளவென்று இருந்தன. இடது உள்ளங்கையைக் குழித்து ஒன்றை வைத்து, இன்னொன்றால் தட்டினார்.

லோக் கோக். லோக் கோக். லோக் கோக்.

அந்த உள்ளங்கைக் குழிவில்தான் சூட்சுமம் இருக்கிறது. நான் வாங்கித் தட்டினால் வெறும் கட்டைச் சத்தம்தான் வந்தது. அவர் சிரித்து, மறுபடி வாங்கி, இந்தத் தடவை நடக்கிற பையனின் வேகத்தில், ஒரு சந்து திரும்பி இன்னொரு சந்துக்குள் போகிற மாதிரி, சத்தத்தைக் குறைத்து, பிறகு உரக்கத் தட்டினார்.

மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்தது. ஜன்னல் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“ஹாய் தோ!”

இரண்டு கிண்ணம்.

வண்டிக்காரர் கட்டையைப் போட்டுவிட்டு அவசரமாக நூடுல்ஸைக் கொதிநீரில் இறக்கினார். தங்கை தலை நிமிர்ந்து, “ஏன்க்கா, மாடிக்குக் கொண்டுபோறது யாரு, நாமளா?” என்றாள்.